பதினோராயிரம் அடி

அன்புள்ள பூட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் நலமும் உன் அக்காவின் முழங்கால் நலமும் அறிய ஆவல். இந்தப் பட்டப்பெயரைப் பார்த்ததும் முறைப்பாய் என்று தெரியும். முறைத்துக்கொண்டே படி. இரண்டு மாதமாக நீ தொலைபேசியை எடுக்கவில்லை. கடிதத்தைக் கிழித்துப் போட மாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறினது போலத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

பால்கனிச் செடிகளில் இரண்டு போய்விட்டன. தண்ணீர் அதிகமாகிவிட்டதாம், கீழ்வீட்டு அம்மா சொன்னார். நீ எப்போது வருவாய் என்றும் கேட்டார். அடுத்த வாரம் என்றேன். போன வாரமும் அதையேதான் சொன்னேன்.

நேற்று அலமாரியைத் துடைத்தபோது மூடி நசுங்கிய நம் பிளாஸ்க் கிடைத்தது. நாம் முதன்முதலாக ஒரே விமானத்தை ஓட்டிய காலையில் நீ கொண்டுவந்தது. நான் கேப்டன், நீ புதுத் துணை விமானி. கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும், "இங்க நான் உங்க பெண்டாட்டி இல்லை, கேப்டன்" என்றாய். சொல்லிவிட்டு எனக்கு மட்டும் சர்க்கரை போடாத காப்பியை ஊற்றினாய். அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்பது வருடம், எத்தனை காலை! மேகத்தைத் தாண்டி இறங்கி, ஏரி தெரிந்ததும் இருவரும் ஒன்றாக மூச்சு விடுவோம். நீ கை நீட்டுமுன் உனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது, பூட்டினீர்களா என்று கேட்பாய். ஆச்சு என்பேன். லிஃப்ட் வரை வந்தவள் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வருவாய். நான் சிரித்தேன், பெயர் வைத்தேன், நேரமாகிறது என்று கத்தினேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, போன வருடம் ஒரு நாள் நீ திரும்பிப் போகவில்லை. பிறகு போகவே இல்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன், மடையன்.

இன்று காலை விசாரணை அலுவலகத்தில், விபத்து மயிரிழையில் தப்பிய அந்த நாளில் நம் விமானி அறையில் பதிவான ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். முதலில் கேட்டது நான் உயரத்தை வைக்கும் குமிழைத் திருகும் சத்தம். அதற்குப் பிறகுதான் தரைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து குரல் வருகிறது, பதினோராயிரம் அடிக்கு இறங்கச் சொல்லி. அவர்கள் சொல்லுமுன்னே நான் பத்தாயிரத்தை வைத்துவிட்டேன். அந்த ஊரில் எப்போதும் பத்தாயிரம்தானே தருவார்கள் என்ற நினைப்பு. நீ பதினோராயிரம் என்று அவர்களிடம் சரியாகத் திருப்பிச் சொல்கிறாய். பிறகு என்னிடம் கேட்கிறாய்:

"பதினொன்னுதானே வச்சிருக்கீங்க?"

"ஆச்சும்மா."

அது என் குரல். இருவரும் அந்த எண்ணைப் பார்த்து வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது விதி. நான் பார்க்கவில்லை. நான் சொல்லிவிட்டேன் என்பதால் நீயும் பார்க்கவில்லை. பதினோராயிரத்தில் நிற்க வேண்டிய விமானம் ஐந்நூறு அடி கீழே போன பிறகுதான் தரையிலிருந்து பதறிக்கொண்டு ஏறச் சொன்னார்கள். பத்தாயிரத்தில் இன்னொரு விமானம் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. பயணிகளின் தேநீர்கூடச் சிந்தவில்லை.

துணை விமானி சரிபார்க்கவில்லை என்று என் அறிக்கையில் எழுதியிருந்தேன். எழுதியபோது அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. நீ கேட்டது சத்தியமாக நினைவில் இல்லை. நினைத்துப் பார்க்க மனம் வரவில்லையோ என்னவோ. ஆனால் உனக்கு நினைவிருந்தது. எண்ணைப் பார்க்காதது உன் தவறு என்று மட்டும் விசாரணையில் சொன்னாயாம், என்னிடம் கேட்டதைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். இன்று விசாரணை அதிகாரிதான் சொன்னார். என் அறிக்கையை வைத்து அப்போதே உன் கேப்டன் பதவி உயர்வை நிறுத்திவிட்டார்கள். நீ அக்கா வீட்டுக்குப் பெட்டி கட்டினாய். எதற்கு என்று கேட்டேன். "உங்களுக்காவே தெரியட்டும்" என்றாய். தெரிந்துவிட்டது. என்னை மன்னித்துவிடு.

அங்கேயே காகிதம் வாங்கிப் புதிய வாக்குமூலம் எழுதினேன். நான் முந்திக்கொண்டு எண்ணை வைத்தது, நீ கேட்டது, நான் பார்க்காமல் பதில் சொன்னது எல்லாம் அதில் இருக்கிறது. எனக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. சட்டைத் தோளில் ஒரு கோடு குறையலாம், மொத்தமாக இறக்கியும் விடலாம். ஆகட்டும். உன் பெயரின் மேல் நான் வைத்த கறை போக வேண்டும், நீ கேப்டனுக்கான இடது பக்க நாற்காலியில் உட்கார வேண்டும்.

இப்போதெல்லாம் லிஃப்ட் வரை போய்விட்டு நானே திரும்பி வருகிறேன். போன வியாழக்கிழமை பூட்டை இழுத்தேன், கதவு திறந்துகொண்டது. உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. அக்காவுக்கு என் வணக்கம். வேளைக்குச் சாப்பிடு. நீ பறக்கப் போகும் வானமெல்லாம் தெளிவாக இருக்கட்டும்.

வாக்குமூலம் கொடுத்தாச்சு என்று நான் சொன்னால் நீ நம்ப வேண்டாம். அலுவலக முத்திரை விழுந்த நகலை இதோடு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரியாகப் படி. நன்றாக இழுத்துப் பார். பூட்டு பிடித்தால், வா.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
‘ஆச்சு’க்காரன்