பாதியில் விட்ட பல்லாங்குழி

அன்புள்ள அம்மாவுக்கு முப்பிடாதி எழுதுவது. நான் நலம். அப்பாவுக்கு இருமல் குறைந்ததா? மலையடியில் போனுக்கு டவர் கிடைக்கவில்லை, அதனால்தான் கடிதம்.

குற்றாலத்தில் மார்கழிக் குளிர் அதிகம். சீசன் இல்லாததால் நான் வேலைக்கு நிற்கும் பங்களாவில் யாரும் தங்குவதில்லை. சாயங்காலம் சமையல்கார பெர்சிஸ் அக்கா வீட்டுக்குப் போனதும் கதவைப் பூட்டிவிட்டு, கம்பளியைப் போர்த்தி அடுப்பருகே உட்கார்ந்துகொள்வேன். பரணில் கிடந்த பல்லாங்குழியில் இரண்டு பக்கமும் நானே ஆடுவேன்.

ஒரு நாள் சுக்குக் காபி போட ஆட்டத்தின் பாதியில் எழுந்துவிட்டேன். அப்படி எழக் கூடாது என்று நீ சொல்வாய், குளிரில் மறந்துவிட்டது. திரும்பி வந்தால் என் புளியங்கொட்டைகள் எதிர்ப்பக்கம் போயிருந்தன. நிரப்பக் கொட்டை இல்லாத குழியில் வைப்போமே, அந்தக் குச்சி என் பக்கம் இருந்தது. ஆடாமலே தோற்றிருந்தேன்.

மறுநாள் பெர்சிஸ் அக்காவிடம் சொன்னேன். அவள் பலகையைப் பார்க்கவே இல்லை.

"நீயே ஆடிட்டு மறந்திருப்ப ஏட்டி. முன்னால இங்கன வேலைக்கு நின்ன ஸ்வாதியும் இப்படித்தான். ஆட்டத்த முடிக்காம ஊருக்குப் போவமாட்டேன்னு நின்னா."

"முடிச்சாளாக்கா?"

"அடுப்பப் பாரு."

பயப்படாதே அம்மா. பேச ஆளில்லாத வீட்டில் அதுவும் ஒரு துணைதான். தினமும் ஆடுகிறோம். பொங்கலுக்கு வர ஆசை, ஆனால் என் பக்கம் குச்சி விழாத குழி ஒன்றுதான் மிச்சம். ஒரு பை புளியங்கொட்டை கொடுத்துவிடு. முடிந்தால் அப்பாவையே வரச் சொல். வாசலில் நின்று என் பேரைச் சத்தமாகக் கூப்பிடட்டும்.

காபி ஆறுகிறது. எதிர்ப்பக்கம் ஆடியாகிவிட்டது. இனி என் முறை.

உன் மகள்
முப்பிடாதி