கட்டையில் இருந்த கரி

அன்புள்ள அக்கா,

நேற்று வீட்டுக்குள் அப்பாவோடு உட்கார்ந்து வலைக்கு மிதவைக் கட்டை கோத்தபோது, ஒரு கட்டையின் துளை உள்ளே கறுத்திருந்ததைத்தான் முதலில் கவனித்தேன். ஃபோனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் அப்பா டிரில்லால் துளை போடுவார். உள்ளே வெள்ளையாக இருக்கும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் போடுபவர், இந்தக் கரையிலேயே பக்கத்து வீட்டு மாமா ஒருவர்தான். போன வாரம் அவருடைய வலை கட்டைகளோடு காணாமல் போனது. அன்றிலிருந்து அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறார். தேடும்போது அப்பாவும் கூடவே அலைந்தார்.

கட்டையைத் திருப்பினேன். மாமா தன் அடையாளத்தைச் செதுக்கும் இடம் புதிதாகச் சீவியிருந்தது.

"அப்பா, இது நம்ம கட்டையா?"

"பள்ளிக்கூடத்துல வாயைத் திறக்கப் பயந்துதானே படிப்பை நிறுத்திட்ட? இங்க மட்டும் என்ன கேள்வி? பேசாம கோத்து முடி."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் அவரைப் பார்க்கக் கூசியது. தலையைக் குனிந்துகொண்டு மேலும் சில கட்டைகளைக் கோத்தேன், அக்கா.

அப்போது மாமாவே வாசலில் வந்து நின்றார்.

"என் வலைக்குக் கால் முளைச்சிடுச்சுப்பா, இனி வராது. புதுசு கட்டலாம்னு இருக்கேன். உன்கிட்ட பழைய கட்டை ஏதாவது கிடக்குதா?"

"ஒண்ணுகூட இல்லையேப்பா" என்று அப்பா எழுந்து வாசலுக்குப் போனார்.

"பரவாயில்ல விடு. நீ இவ்வளவு அலைஞ்சதே பெரிசு" என்று மாமா அப்பாவின் தோளைத் தட்டினார்.

நான் மீதிக் கட்டைகள் கிடந்த கூடையைத் தூக்கிக்கொண்டு போய் மாமாவின் காலடியில் வைத்தேன்.

இப்படிக்கு,
உன் தங்கை