மடியில் கொண்டுவந்த சேலை

பெரிய லயம், மேல் பிரிவு,
மஸ்கெலியா.
பங்குனி 24

அன்புள்ள மகள் லோஜினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளை கிஷாந்தும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க நம்ம லயத்து மாரியம்மாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்றுதான் அடுத்த வரி எழுத வேண்டும், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அப்படித்தான் பழக்கினார். ஆனால் சுகமில்லாத வீட்டில் உட்கார்ந்துகொண்டு சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த வேலையெல்லாம் உனக்குத்தான் நன்றாக வரும். நான் வந்து இன்றைக்கு இருபத்தோரு நாள். நீ தினம் போனில் கோல் எடுக்கிறாய், நான் தூக்குவதில்லை. உன் சத்தத்தையும் பின்னால் பிள்ளை சிணுங்குவதையும் கேட்டால் எனக்கு மனசு இளகிவிடும், கேட்க வேண்டியதைக் கேட்காமல் சாப்பிட்டியா என்று கேட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் காகிதம். இதை உன் சித்தி மகள் சுதர்ஷினியிடம் கொடுத்துப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். அவள் படித்தாலும் பரவாயில்லை. செத்தது அவள் அம்மாதானே.

முதலில் அந்த நாற்காலியில் இருந்து வருகிறேன். டொராண்டோ ஏர்போர்ட்டில் என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தாய். நாற்பது வருஷம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய கால் இது, எனக்கு எதற்கடி நாற்காலி என்று கேட்டேன். இங்கிலீஷ் தெரியாதவங்களுக்கு எல்லாரும் இப்படித்தாம்மா போடுவாங்க, அவங்களே தள்ளிக்கிட்டுப் போய் அடுத்த பிளேன்ல ஏத்திவிட்டுருவாங்க என்றாய். கழுத்தில் பேரும் நம்பரும் எழுதின அட்டை ஒன்றையும் மாட்டிவிட்டாய், முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு மாட்டுகிற மாதிரி. சரி போகட்டும் என்று உட்கார்ந்தேன். அப்புறம் நீ குனிந்து என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாய் பார், அந்த அழுகையைப் பார்த்து நான் எவ்வளவு பூரித்துப்போனேன் தெரியுமா? என் மகளுக்கு என் மேல் இத்தனை பாசமா என்று நினைத்தேன். அடிப் பாவி, அது எதற்கு அழுத அழுகை என்று இப்போதுதானே தெரிகிறது!

பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் முதல் பிளேன். பெட்டியில் போட்டால் எவனாவது எடுத்துவிடுவான் என்று உன் சித்திக்கு வாங்கிய சேலையை மட்டும் கைப்பையில் வைத்து, அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். மாம்பழக் கலர், பச்சைக் கரை. மீனம்மா எத்தனை தீபாவளிக்கு அந்தக் கலரைக் கேட்டிருக்கிறாள், எனக்கும் அவளுக்கும் ஒரே துணியில்தான் எடுப்போம், எனக்கு அந்தக் கலர் ஆகாது என்று நான்தான் ஒவ்வொரு தடவையும் தட்டிக்கழித்தேன். இந்தத் தடவை அவளுக்கென்று தனியாக எடுக்கலாம் என்று ஆசைப்பட்டேன். மாசி மாசம் நீயும் நானும்தான் கடைக்குப் போனோம். சித்தி நெறத்துக்கு இது எடுக்கும்மா என்று நீதான் எடுத்துக் காட்டினாய். வீட்டுக்கு வந்து நீயே மடித்து, டிஷ்யூ பேப்பர் வைத்து, கவரில் போட்டாய். செத்து ஒரு மாசம் ஆனவளுக்குக் கலர் பார்த்தாயே லோஜினி, எப்படியடி மனசு வந்தது உனக்கு? நான் அதைத்தான் இந்த இருபத்தோரு நாளும் யோசிக்கிறேன், வேறொன்றையும் யோசிக்கவில்லை.

பிளேனில் எனக்குத் தூக்கம் வரவில்லை. படம் பார்க்கத் தெரியாது, அந்தச் சாப்பாடும் வாயில் வைக்க முடியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு யோசனை உள்ளே குத்த ஆரம்பித்தது. மாசி நடுவில் ஒரு நாள், மீனம்மா பேசவே இல்லையே என்று நான் சண்டை பிடித்தேன், உனக்கு நினைவிருக்கும். டவர் இல்லைம்மா, சித்திக்குத் தொண்டை கட்டிருக்காம் என்று நாள் கடத்தினாய். அப்புறம் இன்னைக்குத்தான் வந்துச்சு என்று சொல்லி அவள் குரலைப் போனில் போட்டுக் காட்டினாய். அக்கா, ஏழாம் நம்பர் மலையில கவாத்து வெட்டுறாங்க, வெறகுக்கு மிலாறு பொறுக்கப் போறேன், நீ எப்ப வர்ற என்று பேசினாள். எனக்குச் சந்தோஷத்தில் ஒன்றும் தோன்றவில்லை. பிளேனில்தான் விரல் விட்டு எண்ணினேன். ஏழாம் நம்பர் மலையில் கவாத்து கார்த்திகையிலேயே முடிந்துவிட்டது, அவளே எனக்குச் சொன்னது. ஒரு தடவை வெட்டினால் அந்த மலையில் இன்னும் நாலு வருஷத்துக்குக் கத்தி வைக்க மாட்டார்கள். மாசிப் பனியில் எவன் கவாத்து வெட்டுவான், அதுவும் முடிந்த மலையில்? உனக்கு அது தெரியாது, நீ கொழுந்து பறித்தவள் இல்லை, படிக்க வைத்து அனுப்பினவள். பழைய பேச்சை எடுத்துப் புதுசு என்று போட்டிருக்கிறாய். நான் பிளேனில் அதைப் பிடித்துவிட்டேன், ஆனால் மனசு நம்ப மாட்டேன் என்றது. நம்பர் மாறிச் சொல்லியிருப்பாள், ஏழு இல்லை, ஒன்பதாக இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். சன்னலுக்கு வெளியே வெறும் மேகம், இறங்கி ஓடவும் முடியாது, யாரிடமும் கேட்கவும் முடியாது. அப்படி ஒரு நிலைமையில் என்னை உட்கார வைத்தாய்.

இரண்டாவது பிளேனில் பக்கத்தில் குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண் ஒருத்தி, நாலு வருஷம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்புகிறாளாம். பயத்தை மறக்க நான்தான் அவளிடம் பேச்சுக் கொடுத்தேன். பையைத் திறந்து சேலையைக் காட்டி, மகே நங்கிட்ட, என் தங்கச்சிக்கு என்று சொன்னேன். ஹரி லஸ்ஸனய் என்று தடவித் தடவிப் பார்த்தாள், நல்ல அழகாம். அவளுக்கும் ஒரு தங்கச்சி இருக்கிறாளாம், நாளைக்கே பார்க்கப்போகிறாளாம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். சிரித்த வாயை இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

கட்டுநாயக்க ஏர்போர்ட்டில் அப்பா மட்டும் வேன்காரரோடு நின்றார். நீ திரும்பி வர்றப்ப வேன்ல முன் சீட்டு எனக்குத்தான் என்று போகும்போதே சொல்லி அனுப்பியவள் மீனம்மா. அவ எங்கங்க என்று கேட்டேன். பனி ஒத்துக்கல, வீட்ல இருக்கா என்றார் உன் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல். கினிகத்தேனையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது அவளுக்குப் பிடிக்கும் என்று இரண்டு மீன் பணிஸ் வாங்கினேன். அதையும் வாங்க விட்டார்கள்! அப்பாவுக்குத் தெரியும், வேன்காரருக்குத் தெரியும், மஸ்கெலியா டவுனில் துணிக்கடை ஹமீத் நானாவுக்குத் தெரியும், பஸ் கண்டக்டருக்குத் தெரியும், கூடப் பிறந்த எனக்குத்தான் தெரியாது. லயத்தில் இறங்கியதும் நான் நம்ம வீட்டுக்குள் போகவில்லை, சேலைக் கவரையும் பணிஸ் பையையும் தூக்கிக்கொண்டு நேரே வரிசையில் மூன்றாவது காம்பராவுக்கு, அவள் வீட்டுக்குப் போனேன், மீனா, மீனா என்று கூப்பிட்டுக்கொண்டே. உள்ளே மாலை போட்ட படம், முன்னால் சின்ன சிவப்பு பல்பு. சுதர்ஷினி ஓடி வந்து என் காலில் விழுந்தாள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாள் காய்ச்சல் என்று படுத்தவள் மூன்றாம் நாள் போய்விட்டாளாம், ஐம்பத்து மூன்று நாள் ஆகிவிட்டதாம், கருமாதியும் முப்பதும் முடித்துவிட்டார்களாம்.

உனக்குத் தெரியாமல் இருக்காது, ஆனாலும் எழுதுகிறேன். கட்டிக்கொடுத்த பொம்பிளை செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி வர வேண்டும், புதுச்சேலை, அதை மேலே போர்த்தாமல் தூக்க மாட்டார்கள். எங்கள் அம்மா அப்பா போய்விட்டார்கள், அண்ணன் தம்பி கிடையாது, அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அது நான் ஒருத்திதான். அன்றைக்குத் தப்பு அடிப்பதை நிறுத்திவிட்டு, பொறந்த வீட்டுக் கோடி யாருங்க என்று மூன்று தடவை கேட்டார்களாம். யாரும் இல்லையாம். அப்புறம் உன் அப்பா ஹமீத் நானா கடையில் எடுத்ததைக் கொண்டுபோய்ப் போர்த்தினாராம். அக்கா புருஷன் போடுகிற கோடி பிறந்த வீட்டுக் கோடி ஆகுமா? எப்படியும் நீங்க வந்து சேர்ந்திருக்க முடியாதேம்மா என்று சுதர்ஷினியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். வந்திருக்க முடியாதுதான், நான் என்ன மந்திரக்காரியா? ஆனால் இங்கே வீட்டில் என் பெட்டியில் கட்டாத சிவப்புச் சேலை ஒன்று இருந்தது. அதை எடுத்துப் போடுங்க, அது என் கோடி என்று போனில் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல விடாமல் என் வாயைக் கட்டிவிட்டாய்.

அவளைத் தூக்கியதை நீ மட்டும் பார்த்தாயாம். சுதர்ஷினி போனைப் பிடித்துக்கொண்டு காட்டினாளாம். இங்கே சாயந்தரம், உனக்கு விடியற்காலை. எனக்கு அந்த விடியற்காலை நன்றாக நினைவிருக்கிறது. நான் குசினியில் பிள்ளைக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்தேன், நீ பாத்ரூமைப் பூட்டிக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாய். எவ்வளவு நேரந்தாண்டி தண்ணியத் தொறந்து விடுவே, பில்லு வராதா என்று நான் கதவைத் தட்டி ஏசினேன். கண் வீங்க வெளியே வந்து சளி பிடிச்சிருச்சும்மா என்றாய். நான் பாவி, உனக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். அம்மாவுக்குப் பிரஷர், அவ்வளவு தூரம் தனியா எப்படிப் பறப்பாங்க, வழியில ஏதாவது ஆச்சுன்னா என்று அப்பாவிடம் அழுதாயாம், அவரும் தலையாட்டிவிட்டாராம். உண்மையைச் சொல்லு லோஜினி, என் பிரஷர் மட்டும்தானா? நீ புது வேலையில் சேர்ந்து அப்போது ஒன்பது நாள். நான் கிளம்பிவிட்டால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. மாப்பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் வேற்று வீட்டுப் பிள்ளை. நீ உன் சித்தி இடுப்பில் வளர்ந்தவள், நான் மலையில் நின்ற நாளெல்லாம் உனக்குச் சோறு ஊட்டியவள் அவள். வேலைக்காகத்தான் மறைத்தேன் என்று நீ சொன்னால்கூட நான் பொறுத்துக்கொள்வேன், வேலை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா? எனக்காக மறைத்தேன் என்று மட்டும் சொல்லாதே. அழுதிருப்பேன். ஆகாயத்தில் இருந்துகொண்டு பதினெட்டு மணி நேரமும் அழுதிருப்பேன். என் தங்கச்சிக்கு நான் அழுகிற அழுகை அது, அதில் உனக்கு என்ன?

போன செவ்வாய்க்கிழமை அந்தச் சேலையை எடுத்துக்கொண்டு நாலாம் நம்பர் மலைக்குக் கீழே மயானத்துக்குப் போனேன். முப்பதுக்குப் பின்னால கோடி போடுறது வழக்கமில்லையே நாகலெட்சுமி என்று லயத்தில் இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். எனக்குச் சொல்லாமல் அடக்கம் செய்வது மட்டும் எந்த வழக்கத்தில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு நடந்தேன். அப்பாவும் சுதர்ஷினியும் கூட வந்தார்கள். குழி மேட்டில் விரித்துப் போட்டு நாலு மூலைக்கும் கல் வைத்தேன். திரும்பி மேலே ஏறும்போது மூன்றாவது வளைவில் அப்பா உட்கார்ந்துவிட்டார். பனிக் குளிரில் வேர்த்துக் கொட்டுகிறது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்கிறார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நெஞ்சுக்குப் போகிற குழாய் ஒன்றில் அடைப்பு இருக்கலாமாம், கண்டிக்குப் போய்க் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம். வருஷப் பிறப்பு முடிந்து இருபதாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், பாரம் தூக்கக்கூடாது, மலை ஏறக்கூடாது.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்ததும் உன் அப்பா சொன்ன முதல் பேச்சு என்ன தெரியுமா? லோஜினிக்கு ஒண்ணும் சொல்லாத, கைப்புள்ளக்காரி, அவ்வளவு தூரத்துல இருந்துகிட்டு பதறிருவா, எல்லாம் நல்லானதும் சொல்லிக்கலாம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கோப்பையைச் சுவரில் அடித்திருப்பேன். ஒரு நிமிஷம் உனக்குச் சொல்லாமல் அப்படியே இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன், பொய்யாக ஒன்றும் நினைக்கவில்லை, நிஜமாகவே நினைத்தேன். நீயும் ஒரு நாள் ஒன்றும் தெரியாமல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பிளேனில் வா, அப்போது தெரியும் உனக்கு என்று. அப்புறம் என்னால் முடியவில்லை. என் எதிரிக்குக்கூட அந்தப் பயணம் வேண்டாம். அதனால் சொல்லிவிட்டேன். ஒன்றையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை, டாக்டர் சொன்னது இவ்வளவுதான். அழுவதாக இருந்தால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அழு, மாப்பிள்ளை பிள்ளையைப் பார்க்கட்டும். வருவதா வேண்டாமா என்று நீயே முடிவெடு, அது உன் இஷ்டம், நான் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

பிள்ளைக்குப் பல் முளைக்கிற நேரம், காய்ச்சல் வரும், பயப்படாதே, கொதித்தாறின தண்ணி கொடு. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட மறக்காதே. மாரியம்மா உங்கள் மூன்று பேரையும் பத்திரமாக வைத்திருக்கட்டும், கோபத்தில் எழுதினாலும் அந்த வேண்டுதல் பொய்யில்லை. நான் எழுதியது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் ஏசுவார், ஏசட்டும். இதைப் படித்து முடித்ததும் எனக்குக் கோல் எடு. இந்தத் தடவை தூக்குவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
அ. நாகலெட்சுமி