பூட்டுப் போடாத பட்டியல்

புதுமடம்,
செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்.

மச்சானுக்கு மாஷிதா ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். கைபேசி இருக்கக் காகிதம் எதற்கு என்பீர்கள். கைபேசியில் எழுதினால் நான்தான் என்று இனி நீங்கள் நம்ப முடியாது. அதனால் வியாழக்கிழமை தம்மாம் வரும் வசீமிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன வருஷம் இஃப்திகார் காக்கா அங்கே மவுத்தானபோது, ஜமாஅத் கணினியிலிருந்த அவர் பாஸ்போர்ட் நகலைத் திறக்க பாஸ்வேர்டு தெரிந்தவர் ஊரில் இல்லை. மையித்து ஊர் வந்து அடக்கம் செய்ய இருபத்திரண்டு நாள் ஆனது. அதற்குப் பிறகுதான் வெளிநாட்டிலிருக்கும் நூற்று நாற்பத்து மூன்று பேரின் விவரங்களையும் இணையத்தில் ஒரே பட்டியலாகப் போட்டோம். லிங்க் இருந்தால் யாரும் திறக்கலாம். 'பூட்டெல்லாம் போடாத புள்ள, அவசரத்துக்கு ஆகாது' என்றார் செயலாளர் பாக்கர் மாமா. தட்டச்சு செய்தது நான்.

அந்த லிங்க் எப்படியோ வெளியே போய்விட்டது. வெள்ளிக்கிழமை உங்கள் படத்தோடு புது நம்பரிலிருந்து செய்தி வந்தது: பழைய போன் உடைந்துவிட்டது, உனக்கு ஆறு இலக்க எண் வரும், அனுப்பு. உங்கள் பாஸ்போர்ட் எண், வாப்பா பெயர் எல்லாம் சரியாக இருந்தன. அனுப்பிவிட்டேன். உடனே என் வாட்ஸ்அப் யார் கைக்கோ போய்விட்டது.

அன்று மாலையே மலிகா மச்சியிடம், நான் கேட்பதுபோல், அவள் வீட்டுக்காரரின் சவூதி அடையாள அட்டையான இக்காமாவின் படத்தைக் கேட்டிருக்கிறார்கள். 'எம் புருசன் மூஞ்சியப் பாக்க ஒனக்கென்னடி அம்புட்டு ஆச?' என்று நேரே வாசலுக்கே வந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் தப்பித்தார்.

உங்களிடமும் என் பெயரில் இக்காமா படத்தைக் கேட்டிருப்பார்கள். நான் கேட்டால் காரணம் கேட்காமல் அனுப்புகிறவர் நீங்கள். அதை வைத்து எவனோ மோசடி செய்தால் போலீஸ் தேடுவது உங்களைத்தான். அனுப்பியிருந்தால், இதைப் படித்த உடனே கம்பெனியில் சொல்லிவிடுங்கள்.

சனிக்கிழமையிலிருந்து உங்கள் போன் அணைந்தே இருக்கிறது. உங்கள் ரூமில் இருக்கும் உப்பூர் சுரேஷுக்குப் பேசினேன். 'அண்ணே வேலைக்குப் போயிருக்காக அக்கா' என்கிறார். நான்கு நாளாகவா என்றால், பிள்ளை நல்லா இருக்கானா என்று கேட்கிறார்.

பட்டியலை ஞாயிற்றுக்கிழமை இணையத்திலிருந்து எடுத்துவிட்டோம். எடுத்து என்ன?

ரூமில் நீங்கள் இல்லாவிட்டால், போலீஸ் எங்கே வைத்திருக்கிறதோ அங்கே போய்க் கடிதத்தைக் கொடுக்கும்படி வசீமிடம் சொல்லியிருக்கிறேன். கடிதத்தின் பின்பக்கத்தை வெற்றாக விட்டிருக்கிறேன். உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள் மச்சான். என்னை ஏசியாவது எழுதுங்கள். உங்கள் உடலும் பெயரும் அல்லாஹ்வின் காவலில் இருக்கட்டும்.

மாஷிதா