நாற்பதில் நிற்காத வண்டி

3.7.78, திங்கள்

இன்று தச்சூர் கூட்ரோட்டில் ஒரு மாட்டு வண்டியை அடித்திருப்பேன். ஒரு முழம்தான் இடைவெளி. பின்சீட்டில் முதலாளி பேப்பரைக் கீழே போட்டுவிட்டு, "மோசஸ், என்னய்யா இது!" என்று கத்தினார்.

அவர் ஏலத்தில் எடுத்த அமெரிக்க வண்டி இது. ஸ்டியரிங் இடது பக்கம், கிளட்ச் கிடையாது. ஸ்பீடு கண்ட்ரோல் என்று ஒன்று இருக்கிறது. நாற்பது மைலில் திருப்பி வைத்துவிட்டுக் காலை எடுத்துவிடலாம், வண்டி தானாக நாற்பதிலேயே போகும். பழுதாகிக் கிடந்ததைப் போன மாதம்தான் கம்பெனி மெக்கானிக் வரதன் ஓட வைத்தான். இன்று நாற்பதில் வைத்தேன். காலை எடுத்தேன். முள் ஐம்பதைத் தாண்டி அறுபதுக்குப் போய்விட்டது!

"யார் இதுல கை வெச்சது?" என்றார்.

"வரதன் கை வெச்சப்புறந்தான் சார் இப்படி."

நடந்ததைத்தானே சொன்னேன்?

5.7.78

வரதனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கேட் வாசலில் கூட்டாளிகளுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனான். நான் வண்டி துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"வரதன இன்னாத்துக்கு நிறுத்திட்டாங்களாம்?" என்று ராத்திரி என் மனைவி கிரேஸ் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

8.7.78, சனி

முதலாளி பம்பாய் போகிறார். வண்டியை என் வீட்டிலேயே வைத்துச் சரிபார்க்கச் சொல்லிவிட்டார். கவரைப்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் அது நுழைந்தபோது இரண்டு பக்கமும் கோழிகள் ஓட்டுக்கூரை மேல் ஏறிவிட்டன. சர்ச்சுக்குப் போகிறவர்கள்கூட நாளைக்கு இதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

11.7.78

மூன்று நாளாகப் பார்க்கிறேன். ரப்பர் குழாய் எங்கும் வெடிக்கவில்லை. ஸ்பிரிங் இழுக்கிறது. ஆக்சிலேட்டரை இழுக்கும் குட்டிச் சங்கிலியை வரதன் ஒரு கண்ணி தளர்வாகத்தான் விட்டிருக்கிறான். அப்படித்தான் விட வேண்டும். பிரேக்கைத் தொட்டால் கருவி உடனே விடுபடுகிறது. எல்லாம் சுத்தம். அப்புறம் எதற்கு ஓடுகிறது?

நான் செருப்போடு வண்டி ஓட்டுகிறவன் அல்ல. கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் உட்காருவேன். இருபது வருஷ டிரைவர். மெக்கானிக்கின் கைக்குத் தெரியாதது என் உள்ளங்காலுக்குத் தெரியும் என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்! இந்த வண்டி மட்டும் என்னிடம் எதையோ மறைக்கிறது.

14.7.78, வெள்ளி

எப்படி எழுதுவது —

பின்சக்கரங்களைத் தூக்கிக் கட்டையில் நிறுத்தினேன். கதவுப் பக்கம் நின்று கையாலேயே பெடலை அழுத்தி வேகம் ஏற்றி நாற்பதில் வைத்தேன். சக்கரம் அந்தரத்தில் சுற்றியது. பத்து நிமிஷம், முள் அசையவில்லை. சரி, ஆள் உட்கார்ந்தால் என்ன ஆகிறது பார்க்கலாம் என்று ஏறி உட்கார்ந்தேன். முள் ஏற ஆரம்பித்தது. நாற்பத்தைந்து. ஐம்பது.

"பாத்தியா, பாத்தியா! கால எடுத்துட்டேன், அப்பவும் ஏறுது" என்றேன். கதவருகே கிரேஸ் நின்றிருந்தாள்.

"எங்க எடுத்த? கால் அதும் மேலயே தான கீது."

"எடுத்துட்டேன்டி!"

"குனிஞ்சி பாருய்யா."

குனிந்து பார்த்தேன். என் வலது கால் பெடலை மிதித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியவில்லை. என் கால் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை!

கிரேஸ் புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். என் கண்ணை மூடச் சொன்னாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திறந்தபோது என் கால் கட்டைவிரலில் ரத்தம், அவள் அழுதுகொண்டிருந்தாள்.

15.7.78

கணுக்காலுக்கு மேல் வெளுத்த திட்டு ஒன்று இருக்கிறது. தேமல் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன்.

19.7.78, புதன்

பொன்னேரி ஆஸ்பத்திரி. டாக்டர் பஞ்சுத் திரியால் தடவித் தடவிக் கேட்டார். அப்புறம் அந்தப் பெயரைச் சொன்னார், தொழுநோய் என்று. கிரேஸ் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வெள்ளை மாத்திரை, வருஷக்கணக்கில். "நோய் குணமாகும்ப்பா. போன உணர்ச்சி திரும்புமான்னு சொல்ல முடியாது. டிரைவர் வேலைய விட்டுடு."

எப்படி விடுவேன்? வேறு எந்த வேலை தெரியும் எனக்கு?

20.7.78

முதலாளி வந்துவிட்டார். "அந்தக் கருவியே சரியில்ல சார், சங்கிலியக் கழட்டி வெச்சுட்டேன்" என்று சொன்னேன். "அந்த வரதன் பய பண்ண வேலை" என்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இனி ரோட்டைப் பாதி, காலைப் பாதி பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

2.8.78

ஒவ்வொரு சைக்கிள்காரனும் என் காலுக்கு அடியில் வந்து விழப்போகிறவனாகத் தெரிகிறான்.

16.8.78

பெட்ரோல் போட கும்மிடிப்பூண்டிக்குள் போனேன். ஸ்டேஷன் பக்கம் லாரியிலிருந்து பழைய இரும்பு இறக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தன் வரதன். உள்ளங்கையெல்லாம் வெட்டு. சிரித்துக்கொண்டே ஓடி வந்தான், என்னைத் திட்டுவான் என்று பார்த்தால்.

"ணா, அந்தச் சங்கிலி. ஒரு கண்ணி லூசு வுட்டேனா, ரெண்டு வுட்டேனா? தெனம் ரோசிச்சிகினே கீறேன். எங்க தப்பு பண்ணேன்னே புரியலணா. பாவி, உன்னயும் சாவடிச்சிருப்பேன்."

என்னிடம் மன்னிப்பு கேட்கிறான். என்னிடம்!

நல்லாத்தான்டா வெச்சிருந்த — வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிட்டேன். நான் மனுசனா?

17.8.78

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். வண்டியில் கோளாறு இல்லை, வரதன் வேலை சுத்தம், கோளாறு என் காலில் என்று. என்ன நோய் என்றும் சொன்னேன். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். சாவியை நீட்டினேன். கையை நீட்டவில்லை. "அந்த ஜன்னல்ல வெச்சுட்டுப் போ" என்றார். வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து கவரைப்பேட்டை வரும் வரை அழுதேன், வெட்கமே இல்லாமல்.

20.8.78, ஞாயிறு

வரதன் வந்தான். வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்களாம், வண்டி ஓட்டுவதும் அவன்தானாம். கிரேஸ் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

"உனுக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டான். அண்ணா என்று சொல்லவில்லை.

"போன மாசம் பதினாலு."

"அஞ்சி வாரம்" என்றான். எழுந்து போய்விட்டான். காபியைத் தொடவில்லை.

கிரேஸ் வந்து டம்ளரைப் பார்த்தாள். "அவனுமா? கூடப்பொறந்தவன் மாதிரி பழகினான். நோவுக்குப் பயந்துகினு காபிகூட குடிக்காத போறான் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

காரணம் அது இல்லை என்று தெரிந்தும் நான் டம்ளரை எடுத்துக் கழுவப் போனேன்.

23.8.78

மூன்று நாளாகத் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் கிரேஸ் வரதனைத் திட்டுகிறாள். நன்றி கெட்டவனாம், மனசாட்சி இல்லாதவனாம்.

இன்று சாயந்திரம் என் காலைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். முதலாளியிடம் அவனைக் காட்டிக்கொடுத்ததே நான்தான் என்பது முதல் எல்லாம். அவள் கை நின்றது. எனக்கு அது தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு பாக்கி எண்ணெயையும் தடவி முடித்துவிட்டு எழுந்து போனாள். சோறு போட்டு வைத்திருக்கிறாள். இன்னும் பேசவில்லை.