மூப்பர் அங்கமுத்து கோவித்துக்கொண்ட வருஷம்

7 செப்டம்பர் 1947, ஞாயிறு

ஆராதனை முடிவில் போதகர் ஐயர் அறிவித்தார். இருபத்தேழாம் தேதி முதல் நம் பிரெஸ்பிட்டேரியன் சபை மற்றச் சபைகளோடு சேர்ந்து ஒரே திருச்சபை ஆகிறதாம். மேலே பேராயர் ஒருவர் இருப்பார். எனக்குச் சந்தோஷம். ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்தேன். பதினெட்டு வருஷமாகச் சபை மூப்பராக இருக்கிற என் வீட்டுக்காரர், புளியைக் கடித்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

9 செப்டம்பர்

இரண்டு நாளாகப் பேச்சில்லை. இன்று சோற்றுத் தட்டின் முன்னால் வெடித்தார்.

"நெலத்துக்காரப் பண்ணாடி வாசல்ல துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு நின்னவரு எங்கப்பன். அவரைக் கூப்புட்டு நீதான் மூப்பருன்னு சொன்னது இந்தச் சபை. சனங்க பாத்து எடுத்தது. இப்ப மேல ஒருத்தரை உக்கார வெச்சா, நான் மறுக்காத் துண்டை எறக்கோணுமா?"

"பேராயருன்னா பண்ணாடியாங்க?" என்றேன்.

"உனக்குத் தெரியாது, சாலா."

எனக்கா தெரியாது? என் அப்பாவும் அதே வாசலில்தான் நின்றார். கண் கலங்கி உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் என்ன வாதாடுவது?

28 செப்டம்பர், ஞாயிறு

புதுத் திருச்சபையின் முதல் ஆராதனை. தனியாகப் போய் வந்தேன். மூப்பராகத் தன்னிடம் இருந்த கோயில் சாவியை அவர் நேற்றே ஐயர் வீட்டில் கொடுத்துவிட்டார்.

12 அக்டோபர்

கோயிலிலிருந்து திரும்பினால் வீட்டுக்குள் பாட்டுச் சத்தம். தனக்கும் ஆட்டுக்குட்டிக்குமாகத் தனி ஆராதனை நடத்துகிறார்! காணிக்கை எடுக்காததுதான் குறை. வாசலில் நின்று சிரித்தேன். அப்புறம் அழுகை வந்தது. ராகம் தப்பிய அந்தக் குரல் கேட்காமல் கோயிலில் எனக்குப் பாடவே வரமாட்டேன் என்கிறது.

23 நவம்பர்

இன்றும் வரவில்லை. அவர் இடத்தில் யாரும் உட்காரவும் இல்லை.

18 ஜனவரி 1948

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

ஆராதனைக்குப் பின் சபைக் கமிட்டித் தேர்தல். இனிமேல் பெண்களும் நிற்கலாம் என்றார் ஐயர். உடனே பக்கத்திலிருந்த மாரக்காள் எழுந்து, "எங்க சாலம்மா டீச்சருங்க" என்றுவிட்டாள். சேலையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. என்னை எதிர்த்து டெய்லர் காத்தான். கை எண்ணினால் ஆளுக்குப் பத்தொன்பது. மறுபடி எண்ணினாலும் அதே.

"இந்தப் பக்கம் இருவதுங்க."

ஜன்னலிலிருந்து குரல். இவர்! கம்பிக்கு வெளியே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். எப்போது வந்தார்?

காத்தான் விடவில்லை. "வெளிய நிக்கறவங்க ஓட்டு செல்லாதுங்க, ஐயரே."

"சட்டம் அப்படித்தான் அங்கமுத்து" என்றார் ஐயர், மெதுவாக.

கம்பிக்கு வெளியே தூக்கிய கை இறங்கியது.

"அதுக்கென்ன, உள்ள வாரேனுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை. தன் பழைய பெஞ்சில் உட்கார்ந்து கையைத் தூக்கினார். மாரக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள். நான் தரையைப் பார்த்தேன்.

வீடு திரும்பும்போது கேட்டேன்: "மேல பேராயரு இருக்காருங்களே?"

"இருக்கட்டும். உன்னை எடுத்தது சனங்கதானே."

14 மார்ச்

அடுத்த மாதம் பேராயர் வருகிறார். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்று கமிட்டியில் முடிவானது. முடிவு செய்தவர்களில் நானும் ஒருத்தி. இவரிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து, கடைசியில் கதவைத் திறந்ததும் சொல்லிவிட்டேன்.

முகம் கழுவிக்கொண்டிருந்தவர் இன்னொரு செம்புத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டார்.

பிறகு சொன்னார்: "கோழிக் கொழம்புல காரத்தைக் கொறைச்சுப் போடு. பாவம், இந்த வெயில்ல அத்தனை தூரம் வாராரு."