அம்பில்லாமல் விட்ட வில்

மச்சான்,

உன் தங்கை சொல்லித்தான் லத்தா தெருவில் நீ நடத்திய கைவினைப் பொருள் கடையைக் காலிசெய்யப் போனேன். மேல்தட்டில், உன் பழைய கைலி ஒன்றில் சுற்றி, அந்த டூலே இருந்தது. லீசு மலைக்காரர் கோ யோசுவா செய்த வேட்டைக் குறுக்குவில். ஒரு நுனியில், நாண் மாட்டும் இடத்தில், பிளந்தது பிளந்தபடியே இருக்கிறது. விசையில் நூலால் ஓர் அட்டையைக் கட்டி, பென்சிலால் எழுதியிருக்கிறாய்: "மரம் நல்லது. அம்பில்லாமல் விட்டிருக்கு." யார் விட்டது என்று எழுதவில்லை. எழுதியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நீ டூலே பார்க்கிற அழகை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கேலி செய்திருக்கிறேன். பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரிப் பார்க்கிறாயே என்பேன். வில்லை வெளிச்சத்தில் பிடித்து, மரத்தின் ரேகை நடுவிலிருந்து நுனிவரை அறுபடாமல் ஓடுகிறதா என்று கட்டைவிரல் நகத்தால் தொடர்ந்து போவாய். காதோரம் வைத்துச் சுண்டுவாய். அம்பு ஓடும் பள்ளத்தை ஒற்றைக்கண்ணால் பார்ப்பாய். எலும்பு விசை அரிசிமணி அளவு ஆடினாலும் ஒதுக்கிவிடுவாய். "எல்லாம் ஓட்டல் சுவர்ல தொங்கப் போறதுதானே மச்சான்" என்றால், "தொங்கினாலும் ஒருநாள் ஒருத்தன் எடுத்து இழுப்பான் மாப்ளே" என்பாய். வாங்குகிற ஒவ்வொருவரிடமும் பர்மியிலும் தமிழிலும் ஒரே எச்சரிக்கை: அம்பு வைக்காமல் நாணை விடாதே, அம்போடு போக வேண்டிய வேகம் முழுவதும் வில்லுக்கே திரும்பிவிடும், எவ்வளவு நல்ல மரமானாலும் பிளந்துவிடும். எனக்கு அது மனப்பாடம். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

அன்று நீ டீக்கடைக்குப் போயிருந்தாய். போட்டாதாங் துறைமுகக் கிடங்கில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். அவர்கள் முன்னால் எனக்குக் கொஞ்சம் பவுசு வேண்டியிருந்தது. வில்லைக் காலால் மிதித்து, நாணை இழுத்து மாட்டினேன். அம்பைத் தேட சோம்பல். அப்படியே விசையை அழுத்தினேன். சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். நீ வந்ததும், "கையில எடுத்தேன் மச்சான், பிளந்துடுச்சு. ஈர மரமா இருக்கும்" என்றேன். நீ பிளவை நகத்தால் தொட்டுப் பார்த்தாய்.

அடுத்த வாரம் கோ யோசுவா புதிதாக ஆறு டூலே கொண்டு வந்தார். உடைந்ததை நீ கொடுத்ததும் வாங்கிப் பார்த்து, உன்னை எப்போதும்போல 'ஐயா' என்ற மரியாதையில் 'சயா' என்று கூப்பிட்டு, பர்மியில் சொன்னார்: "சயா, இது மரத்தோட குத்தம் இல்ல. யாரோ அம்பில்லாம விட்டிருக்காங்க."

நீ என் பக்கம் திரும்பினாய். "மாப்ளே, நீ விட்டியா?"

ஆமாம் என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீ நாலு வார்த்தை திட்டியிருப்பாய், அவர் சிரித்திருப்பார். நான் சொன்னது, "நான் ஏன் விடப்போறேன்? என் பிள்ளை மேல சத்தியம்!"

நீ அந்த ஆறையும் பார்த்துக்கொண்டே நின்றாய். அத்தனையும் முதல் தரம், எனக்கே தெரிந்தது. தங்கை புருஷனை வெளியாள் முன்னால் பொய்யனாக்க உன் வளர்ப்பு இடம்கொடுக்கவில்லை. "எங்க மாப்பிள்ளை சத்தியம் பண்ணிட்டாரு. அப்ப மரத்துலதான் குத்தம். இனிமே கொண்டு வர வேணாம், கோ யோசுவா" என்றாய். அவர் ஆறையும் திரும்பக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார். நீ என்னைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாய். நானும் வெட்கமில்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

போன மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்ச் சேரும்வரை நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நீ என்னை நம்பிவிட்டாய் என்று இத்தனை வருஷமும் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

அட்டையைப் படித்த மறுநாள் காலையில் படகேறி, அக்கரையில் கோ யோசுவாவைத் தேடிப் பிடித்தேன். இப்போது நாற்காலி செய்கிறார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் பர்மியில் வாக்கியத்தைச் சரிசெய்துகொண்டே போயிருந்தேன். முதலில் நீ இறந்த செய்தியைச் சொன்னேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"சயா இங்க வந்திருந்தாரு, தெரியுமா? என்னைத் திருப்பி அனுப்பின அதே மாசம். செருப்பைக் கழட்டிட்டு, இதோ இந்த மண்ணுல உக்காந்தாரு. 'மாப்பிள்ளை சத்தியம் பண்ணது நெசம். நான்தான் அம்பில்லாம விட்டேன். வெட்கப்பட்டுக்கிட்டு உங்க மரத்து மேல பழியைப் போட்டுட்டேன், மன்னிச்சிடுங்க'ன்னாரு. மறுபடியும் டூலே கொண்டு வரச் சொன்னாரு. எனக்குத்தான் அதுக்கப்புறம் அதுல கை போகல. ஆனா எத்தனையோ கடைக்காரங்களைப் பாத்துட்டேன். தன் தப்பைத் தேடி வந்து சொன்னவரு அவர் ஒருத்தர்தான்."

நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாக்கியமும் தயாராக இருந்தது. "ஆமா, எங்க மச்சான் அப்படித்தான்" என்று தலையாட்டினேன். அவர் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

உன் பெயரைக் காப்பாற்றத்தான் வாயைத் திறக்கவில்லை என்று திரும்பி வரும் படகில் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பாதி ஆறு தாண்டுவதற்குள் அதுவும் பொய் என்று தெரிந்துவிட்டது. எனக்குப் பயம், மச்சான். அவ்வளவுதான். அன்றைக்கு நான் கேட்காமலே என் பழியை நீ எடுத்துக்கொண்டாய். இந்தத் தடவை, செத்துப்போன உன் தலையில் நானே தூக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் தங்கை, "காலையிலேருந்து எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"எங்கயும் இல்ல" என்றேன்.